மாறுகொளக் கூறலும் நமது கதைகளும்

யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றிலே, சகோதரர்கள் கட்டிய கதையொன்று வருகிறது. தம்பியைக் கிணற்றில் தள்ளிவிட்டு, இரவானதும் அழுதபடி தந்தையிடம் திரும்புகிறார்கள். தாங்கள் விளையாடப் போயிருந்த வேளையில் தம்பியை ஓநாய் தின்றுவிட்டதாகச் சொல்கிறார்கள். சான்றுக்கு இரத்தம் தோய்ந்த சட்டையையும் நீட்டுகிறார்கள். அந்த ஓநாய்கூட அவர்களது சொந்தக் கற்பனை அல்ல. பிள்ளையை அனுப்பத் தயங்கிய யஃகூப் நபி (அலை) அவர்களே தமது அச்சத்தைச் சொல்லும்போது ஓநாயை வாய்விட்டுக் குறிப்பிட்டிருந்தார்கள். கேட்பவர் எதை அஞ்சுகிறாரோ அதையே எடுத்துக் கதை கட்டினால் அவர் இலகுவில் நம்புவார் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். தந்தை நம்பவில்லை. அவர் சட்டையைப் பார்த்தார், அதில் ஒரு கிழிசலும் இருக்கவில்லை என்று தப்ஸீர் ஆசிரியர்கள் விளக்குவர். பிள்ளையைத் தின்ற ஓநாய், சட்டையை மட்டும் கிழியாமல் கழற்றி வைத்ததா?

வேத வசனத்தை இலக்கியப் பிரதியாக எடைபோட முனைவதாக எவரும் எண்ண வேண்டாம். இங்கே நாம் எடுத்துக்கொள்வது சகோதரர்கள் சொன்ன பொய்க்கதையை மாத்திரமே. ஓநாய் மனிதரைக் கொல்வது உலகில் நடக்கக்கூடிய காரியம்தான். இரத்தமும் கண்ணெதிரே இருந்தது. அழுகையும் இருந்தது. கதை தோற்றது எங்கே? ஓநாய் என்று சொன்னவுடனேயே பல்லும் நகமும் கதைக்குள் வந்துவிடுகின்றன. அந்தப் பல்லையும் நகத்தையும் சட்டை அறியவில்லை. கதை தான் சொன்ன சொல்லைத் தானே மீறிவிட்டது.

அதே வரலாற்றில் பின்னர் இன்னொரு சட்டை வருகிறது. அது பின்புறம் கிழிந்த சட்டை. முன்புறம் கிழிந்திருந்தால் யார் சொல்வது உண்மை, பின்புறம் கிழிந்திருந்தால் யார் சொல்வது உண்மை என்று முதலில் விதி கூறப்படுகிறது. அதன் பிறகே சட்டை பார்க்கப்படுகிறது. விதி முன்னே, சான்று பின்னே. கதை எழுதுகின்ற ஒவ்வொருவரும் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டிய ஒழுங்கு இது.

தமிழ் இலக்கணகாரர் இக்குற்றத்துக்குப் பெயர் வைத்திருக்கின்றனர். தொல்காப்பிய மரபியலிலும் நன்னூற் பாயிரத்திலும் நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் ஒன்றாக ‘மாறுகொளக் கூறல்’ எண்ணப்படுகிறது. முன்னர் சொன்னதற்கு மாறாகப் பின்னர் சொல்லுதல் என்பது அதன் பொருள். ஆசிரிய கலாசாலையில் பத்துக் குற்றத்தையும் மனனம் செய்து ஒப்புவித்தவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவற்றை இலக்கண நூலுக்கும் பரீட்சை விடைக்கும் உரியவை என்று ஒதுக்கிவிட்டோம். சிறுகதைக்கும் நாவலுக்கும் அவற்றைப் பொருத்திப் பார்த்தவர்கள் குறைவு. ஒரு கதை தான் வகுத்த விதியைத் தானே மீறுகின்ற இடங்களை இந்தப் பழைய சொல்லைக் கைவிளக்காகக் கொண்டு தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உலகில் நடவாதது கதையில் நடந்தால் அது பிழை என்று நம்மவர் சிலர் கருதுகின்றனர். அப்படியானால் காப்பியங்கள் அனைத்தையும் கடலில் போட வேண்டியதுதான். கதையில் நேரும் முரண் மூன்று வகைப்படும். உலக நடப்போடு முரண்படுதல் ஒன்று. இலக்கிய மரபோடு முரண்படுதல் இன்னொன்று. கதை தன்னோடு தானே முரண்படுதல் மூன்றாவது. முதல் இரண்டையும் வாசகன் மன்னிப்பான், சில வேளை விரும்பி வரவேற்கவும் செய்வான். மூன்றாவதை அவன் மன்னிப்பதில்லை.

அரிஸ்டோட்டில் தமது கவிதையியல் நூலில் ஏறத்தாழ இதையே கூறுகிறார். கதையின் முடிச்சு கதைக்குள்ளிருந்தே அவிழ வேண்டும் என்பது அவரது கட்சி. யூரிப்பிடிஸின் ‘மெடியா’ நாடகத்தின் இறுதியில் நாயகி தெய்வ ரதமேறித் தப்பிச் செல்வதை அவர் குறையாகக் காட்டுகிறார். நம்பும்படி சொல்லப்பட்ட நடவாத காரியம், நம்ப முடியாதபடி சொல்லப்பட்ட நடக்கக்கூடிய காரியத்தைவிட மேல் என்றும் கருதுகிறார். இந்த நூலை மேற்குலகின் தனிச்சொத்து என்று நாம் விலக்கி வைக்க வேண்டியதில்லை. பத்தாம் நூற்றாண்டுப் பக்தாதில் அபூ பிஷ்ர் மத்தா என்ற கிறிஸ்தவ அறிஞர் இதைச் சிரியாக் மொழியிலிருந்து அரபுக்குக் கொண்டுவந்தார். இப்னு ஸீனாவும் இப்னு றுஷ்தும் இதற்கு விளக்கம் எழுதினர். இப்னு றுஷ்தின் விளக்கம் 1256 இல் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டது. அந்த வழியாகவே ஐரோப்பாவில் பலர் அரிஸ்டோட்டிலின் கவிதைக் கொள்கையை அறிந்தனர்.

கோட்பாட்டை விட்டு வகுப்பறைக்கு வருவோம். ஆறாம் வகுப்பில் அலாவுதீன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை எழுந்து, “சேர், விளக்குப் பூதம்தானே பெரிசு, பிறகு மோதிரப் பூதம் என்னத்துக்கு?” என்று கேட்டது. நல்ல விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வி இது. மந்திரவாதி விளக்கைக் கவர்ந்து, மாளிகையை அப்படியே ஆபிரிக்காவுக்குத் தூக்கிச் சென்றுவிடுகிறான். அலாவுதீனிடம் மிஞ்சியது மோதிரம் மட்டும். மோதிரத்தைத் தேய்க்கிறான். பூதம் வருகிறது. மாளிகையைத் திருப்பிக் கொண்டுவா என்கிறான். அது என்னால் ஆகாது, அது விளக்கின் அடிமைக்குரிய வேலை என்று பூதம் சொல்லிவிடுகிறது. வேண்டுமானால் அலாவுதீனை மாளிகை இருக்கும் இடத்தில் கொண்டுபோய் விடலாமாம். அவ்வளவுதான் அதன் எல்லை. மிகுதியை அலாவுதீனும் அவன் மனைவியுமே தந்திரத்தால் செய்து முடிக்க வேண்டியிருக்கிறது.

மோதிரப் பூதம் “ஆகாது” என்று சொன்ன அந்தச் சிறு இடத்திலேதான் கதை உயிர் பிழைக்கிறது. அங்கே பூதம் “ஆகும்” என்று சொல்லியிருந்தால் விளக்குக்கு மதிப்பில்லை, மந்திரவாதியின் களவுக்குப் பொருளில்லை, நாம் அதுவரை பட்ட கவலைக்கும் காரணமில்லை. அலப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் 1709 இல் பரிஸ் நகரில் கலான் என்ற பிரெஞ்சு அறிஞருக்கு இக்கதையைச் சொன்னார். எதுவும் நடக்கலாம் என்று தோன்றுகின்ற மாயக் கதையிலேயே எது நடவாது என்பதை இத்தனை கறாராக வைத்திருக்கிறார்கள். மாயக் கதைக்குத்தான் விதி அதிகம் வேண்டும். யதார்த்தக் கதைக்கு உலகமே பாதி விதியைக் கொடுத்துவிடும். மாயக் கதை தன் வேலியைத் தானே அடைத்துக்கொள்ள வேண்டும்.

நமது காப்பியத்துக்கு வருவோம். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ அனைவரும் அறிந்தது. வேடன் ஒருவனின் வலையிற்பட்ட பெண் மான், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் கண்டு தன் துயரைச் சொல்கிறது. காட்டிலே பசியோடு கன்று காத்திருக்கிறது. பாலூட்டி வரத் தன்னை விடுவிக்க வேண்டும், திரும்பி வந்துவிடுவேன் என்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் வேடனிடம் மானுக்காகப் பிணை நிற்கிறார்கள். கையிற் கிடைத்த மான் விட்டால் திரும்பி வருமா என்று வேடன் நகைக்கிறான். மான் போகிறது. இனத்தோடு சேர்கிறது. கலைமான் தடுத்துப் பார்க்கிறது. பிணை நின்றவரின் சொல்லைக் காக்கத் திரும்ப வேண்டும் என்று மான் உறுதியாக நிற்கிறது. கன்றும் கூடவே வருகிறது. கண்ட வேடன் மனம் மாறி இஸ்லாத்தை ஏற்கிறான். மான் விடுதலை பெறுகிறது.

மான் பேசுவது அற்புதம். இதைக் கொண்டு கதை விதியை மீறிவிட்டது என்று சொல்ல முடியாது. நபிமார்க்கு முஃஜிஸாத்துகள் உண்டு என்பது இக்காப்பியம் தொடக்கத்திலேயே வகுத்துக்கொண்ட உலகம். அந்த உலகத்துக்குள் நுழைந்த வாசகனுக்கு மான் பேசுவது அதிர்ச்சி தராது. கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு புலவர் என்ன செய்கிறார் என்பதைத்தான். மானைப் பேச வைக்கக்கூடிய உலகில் வலை தானாக அறுந்து விழலாம். வேடனின் கை மரத்துப் போகலாம். கன்று பறந்து வரலாம். புலவர் இவற்றில் ஒன்றையும் தொடவில்லை. வலை வலையாகவே இருக்கிறது, பசி பசியாகவே இருக்கிறது, வேடனின் ஐயமும் நியாயமான ஐயமாகவே இருக்கிறது. சிக்கலை அவிழ்ப்பது ஒரு சொல்லும் அந்தச் சொல்லின் நிறைவேற்றமும். திரும்பி வருவேன் என்று சொன்ன உயிர் திரும்பி வருகிறது. அற்புதத்தை வாசலாக வைத்து, வாக்கை வீடாகக் கட்டியிருக்கிறார் உமறுப் புலவர். மாறுகொளக் கூறாமை அப்படலத்தின் சொல்முறை மட்டுமல்ல, அதன் பொருளும் அதுவே.

இதே காப்பியத்தின் நாட்டுப் படலத்தில் அரபு நாடு நீரும் வயலுமாக வருணிக்கப்படுவதைப் பலர் குறையாகச் சொல்லியிருக்கின்றனர். பாலை நிலத்தில் மருதம் எப்படி வந்தது என்பது கேள்வி. இது நாம் சொன்ன முதல் வகை முரண், அதாவது உலகோடு முரண்படுதல். தமிழ்க் காப்பியம் நாட்டு வளம் பாடித்தான் தொடங்க வேண்டும் என்ற மரபுக்குப் புலவர் கட்டுப்பட்டார். அந்த மரபை அறிந்த வாசகன் அங்கே புவியியற் பாடத்தைத் தேடமாட்டான். காப்பியம் தான் ஏற்ற விதியை அங்கே மீறவில்லை, கடைப்பிடித்திருக்கிறது.

புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். சென்னைத் தெருவிலே கடவுள் வந்து நிற்கிறார். நடவாத காரியம் ஒன்றே ஒன்று, அதுவும் தொடக்கத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. பிறகு கோப்பியும் உண்டு, பணம் கொடுக்கல் வாங்கலும் உண்டு, பத்திரிகைக்குச் சந்தாவும் உண்டு. எல்லாம் நகர வாழ்க்கையின் கணக்குப்படியே ஓடுகின்றன. கடவுள் இடையில் ஓர் அற்புதம் செய்து பிள்ளையின் கடனை அடைத்திருந்தால் கதையின் எள்ளல் அவ்விடத்திலேயே செத்திருக்கும்.

தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ இன்னொரு நுட்பத்தைக் காட்டுகிறது. ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்து 1988 இல் நூலான இந்நாவலில் ஊர் மக்கள் ஜின்னை நம்புகிறார்கள், தங்ஙளின் வல்லமையை நம்புகிறார்கள். கதை சொல்பவர் அந்த நம்பிக்கைகளை முழு மரியாதையோடு விவரிக்கிறார். கதையின் நிகழ்ச்சிகள் அந்த நம்பிக்கையின் தயவில் நகர்வதில்லை. பாத்திரம் நம்புவது வேறு, கதை நம்புவது வேறு. நமது கரையோர வாழ்வை எழுதுகிறவர்கள் பலர் இந்த வேறுபாட்டில் வழுக்கி விழுகிறார்கள். ஐந்து பக்கம் மூடநம்பிக்கையைக் கண்டித்துவிட்டு, ஆறாம் பக்கத்தில் நேர்ச்சை பலித்து நோயாளி எழுந்து நடக்கிற கதைகளை நாம் வாசித்திருக்கிறோம்.

நாவலின் நீண்ட பரப்பில் இந்த விதி எப்படிச் சோதனைக்குள்ளாகிறது என்பதற்கு கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தக்க உதாரணம். 1950 முதல் 1954 வரை வாராவாரம் ஓடிய தொடர்கதை. நமக்கு அது அந்நியமான கதையுமன்று. சோழ சேனை தங்கும் இடமாக நமது மாதோட்டம் அதில் வருகிறது. இரண்டாம் பாகத்தின் பெரும் பகுதி இலங்கையில் நடக்கிறது.

வரலாற்று நாவலாசிரியன் இரண்டு விதிகளுக்குக் கட்டுப்பட்டவன். கல்வெட்டும் செப்பேடும் சொல்வது ஒரு விதி. தான் வார்த்த பாத்திரத்தின் குணம் இன்னொரு விதி. கல்கி இந்த இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டார். அருள்மொழிவர்மன் அரியணையை உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுத்தான் என்பதைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. அதை மாற்ற அவரால் முடியாது. கதையிலோ அரியணைக்கு ஆசைப்படும் மதுராந்தகனைச் சபலமும் கோழைத்தனமும் உள்ளவனாக நான்கு பாகங்களுக்கு மேலாக வார்த்துவிட்டார். இப்படிப்பட்டவனுக்கு முடிசூட்டினால் அருள்மொழியின் தியாகம் அசட்டுத்தனமாகிவிடும். மதுராந்தகன் ஓரிரவில் நல்லவனாக மாறினால் பாத்திர வார்ப்பு பொய்யாகிவிடும். வரலாற்றை மீறுவதா, பாத்திரத்தை மீறுவதா?

கல்கி மூன்றாவது வழியொன்றைக் கண்டார். மதுராந்தகன் செம்பியன் மாதேவியின் மகனே அல்ல. உண்மையான மகன் தஞ்சையிலே பூத்தொடுத்துத் தேவாரம் பாடித் திரிந்த சேந்தன் அமுதன். அவனே உத்தம சோழனாகிறான். மேலோட்டமாகப் பார்த்தால் இது கடைசி நேரத்துத் தந்திரம் போலத் தோன்றும். முதலாம் பாகத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். சேந்தன் அமுதன் அங்கேயே இருக்கிறான். அவனை வளர்த்த வாய் பேசாத தாய் அங்கேயே இருக்கிறாள். அவனுடைய சிவபக்தியும் பதவி ஆசையின்மையும் அங்கேயே இருக்கின்றன. செம்பியன் மாதேவியின் பக்தியை நாம் பின்னர் காணும்போது இரண்டுக்குமுள்ள உறவு கண்ணில் படும்படியாகவே வைக்கப்பட்டிருக்கிறது. முடிவில் வேண்டிய ஆளை ஆசிரியர் தொடக்கத்திலேயே கதைக்குள் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார். ஆகவே இதை மாறுகொளக் கூறல் என்று தள்ளிவிட முடியாது.

குறையே இல்லை என்பதல்ல. உருவ ஒற்றுமைகளும் பிறப்பு இரகசியங்களும் கடைசிப் பாகத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக அவிழும்போது வாசகனுக்கு மூச்சு முட்டுகிறது. முடிவு திருப்தி தரவில்லை என்று வாசகர்கள் முறையிட்டதால் கல்கி முடிவுரையொன்றை எழுதி விளக்கமளிக்க நேர்ந்ததும் தெரிந்ததே. ஆனாலும் அவர் வாசகனுக்குக் கொடுத்த வாக்கை ஏறக்குறைய காப்பாற்றியே இருக்கிறார். வாரம் தவறாமல் எழுதிக் கொடுத்துக்கொண்டே, முதல் அத்தியாயங்களைத் திருத்த முடியாத நிலையில் இதைச் செய்தார் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

நம்மவரின் முதல் நாவலான ‘அஸன்பே சரித்திரம்’ 1885 இல் வெளிவந்தது. சித்தி லெப்பை எழுதிய அந்நாவலில் எகிப்திலே பிறந்த குழந்தை களவாடப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, பல இடர்களைக் கடந்து தன் குடும்பத்தைச் சேர்கிறது. தற்செயல்கள் நிறைந்த கதை. அதைத் தற்செயல்களுக்காகக் குற்றஞ்சாட்டுவது பொருந்தாது. அது வீரசாகசக் கதையாகவே தொடங்குகிறது, தற்செயலே அதன் தேசச் சட்டம். இன்று நம்மிடையே யதார்த்தச் சிறுகதை எழுதுவோர் அந்தத் தேசத்தின் சட்டத்தை இந்தத் தேசத்துக்குக் கள்ளத்தனமாக இறக்குமதி செய்வதே பிரச்சினை.

இத்தனை தூரம் வந்தது ஒரு முக்கியமான இடத்தைத் தொடுவதற்காகவே. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். சுமார் 75,000 பேர் என்று சொல்லப்படுகிறது. மன்னார்த் தீவினர் பெரும்பாலும் கடல் வழியாகக் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தனர். அந்த வெளியேற்றத்தைப் பற்றியும் புத்தளத்து முகாம் வாழ்வைப் பற்றியும் 2009 க்குப் பிறகான மீள்குடியேற்றத்தைப் பற்றியும் கதைகள் எழுதப்பட்டிருக்கின்றன, இன்னும் எழுதப்படுகின்றன. எழுதப்படவும் வேண்டும். நமது பிள்ளைகளில் பலர் முகாமில் பிறந்தவர்கள், அல்லது அதற்கும் பின்னர் பிறந்தவர்கள். ஊரைவிட்டுப் போன நாளைக் கதையாகத்தான் அவர்கள் அறிவார்கள்.

உதாரணத்துக்காக ஒரு கதையை நாமே கட்டிப் பார்ப்போம். எந்த எழுத்தாளரையும் இது குறிக்காது. தீவின் கரையிலே சனங்கள் வள்ளத்துக்குக் காத்து நிற்கிறார்கள். ஒவ்வொரு மூட்டையும் அவிழ்த்துச் சோதிக்கப்படுகிறது. உம்மாவின் காதிலிருந்த தோடும் கழற்றப்படுகிறது, பிள்ளையின் காப்பும் போகிறது. உடுத்த உடுப்போடு ஏறினோம் என்று கதைசொல்லி எழுதுகிறார். நெஞ்சு கனக்கிறது. பத்தாண்டு கழிகிறது. கிடுகுக் கொட்டிலிலே ராத்தாவுக்குக் கலியாணம் பேசுகிறார்கள், சீதனம் இல்லாமல் முறியப் பார்க்கிறது. அப்போது மூத்தம்மா தன் பழைய பெட்டியைத் திறந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த நாலு பவுண் காப்பை எடுத்து வைக்கிறாள். எல்லோரும் அழுகிறார்கள். கதை முடிகிறது.

வாசகனும் அழலாம். இரவில் படுத்த பிறகு யோசிப்பான். அந்தப் பெட்டி எப்படி வந்தது? அந்தக் காப்பு எப்படி வந்தது? உடுத்த உடுப்போடு ஏறினோம் என்றது யார்? ஓநாய் கிழிக்காத சட்டை இதுதான்.

இது வெறும் அழகியற் குறையாக இருந்தால் இத்தனை சொற்களைச் செலவழிக்க வேண்டியதில்லை. இந்தக் கதைகளை வாசிக்கிறவர் எல்லோரும் நமது ஆட்களல்லர். அப்படியொன்று நடக்கவேயில்லை என்று சொல்ல விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். நடந்தது, ஆனால் நீங்கள் சொல்லுமளவுக்கு இல்லை என்று சொல்ல விரும்புகிறவர்கள் அதைவிட அதிகம். அவர்கள் கையில் நாமே கொடுக்கின்ற ஆயுதம் அந்த நாலு பவுண் காப்பு. கதையின் ஒரு மூலையில் பொய் தெரிந்தால், உண்மையான பகுதியும் அதனோடு சேர்ந்து ஐயத்துக்கு உள்ளாகும். கரையில் கழற்றப்பட்ட தோடு உண்மையாகவே கழற்றப்பட்டது. அதன் உண்மையை, கற்பனையில் முளைத்த காப்பு தின்றுவிடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு கதை, ‘1990 ஒக்டோபர்’ என்று எழுதி, ஓர் ஊரின் உண்மைப் பெயரையும் எழுதிவிட்டால், அந்த நாளும் அந்த ஊரும் கதையின் விதிகளாகிவிடுகின்றன. காப்பியப் புலவருக்கு இருந்த சலுகை அங்கே கிடையாது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30 இல் கொடுக்கப்பட்ட அவகாசம் 2 மணி நேரம் என்பது பரவலாகப் பதிவானது. மன்னார்த் தீவின் கெடுவும் நாட்களும் வேறு. இரண்டையும் கலந்து ஒரே கதையில் போட்டால் இரண்டு ஊரின் சாட்சியமும் கெடும். காற்றும் அப்படியே. ஓலைத்தொடுவாய்க் கரையில் நிற்கிற சிறு பிள்ளைக்கும் சோளகம் எப்போது, வாடை எப்போது என்று தெரியும். ஒக்டோபர்க் கடைசியில் சோளகம் உரத்து வீசி வள்ளத்தைப் புரட்டியதாக எழுதினால், கடலை அறிந்த வாசகன் அவ்விடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவான். செங்கை ஆழியான் நெடுந்தீவைக் களமாகக் கொண்டு எழுதிய நாவலுக்கு ‘வாடைக்காற்று’ என்று பெயரிட்டது அலங்காரத்துக்காக அல்ல. அந்தக் காற்றின் வருகையும் போக்குமே அந்த வாழ்வின் அட்டவணை.

சொல்லும் குரலிலும் இக்குற்றம் நேர்கிறது. ஏழு வயதுப் பிள்ளையின் கண்ணாற் சொல்லத் தொடங்கிய கதை, நடுவில் பள்ளிவாசலுக்குள் பெரியவர்கள் கூடிப் பேசியதையும், இயக்கத்தவர் தம் முகாமில் முடிவெடுத்ததையும் விவரிக்கிறது. பிள்ளை அங்கே இருக்கவில்லை. பிள்ளைக்குத் தெரியாதது தெரியாததாகவே இருந்திருந்தால் கதையின் பயங்கரம் இன்னும் கூடியிருக்கும். வாப்பா ஏன் அழுகிறார் என்று விளங்காமல் நிற்கின்ற பிள்ளையைவிட, அரசியல் காரணங்களை அடுக்கிச் சொல்கின்ற பிள்ளை எந்த வகையிலும் பலமான சாட்சி அல்ல.

இதற்கு மறுப்புகள் எழும். “வாழ்க்கையில் இதைவிட அதிசயங்கள் நடக்கவில்லையா? ஒரு மூத்தம்மா நகையை ஒளித்துக் கொண்டுவந்தது உண்மையாகவே நடந்திருக்கலாமே” என்று கேட்பார்கள். நடந்திருக்கலாம். நடந்தது என்பதற்காக வாழ்க்கை யாரிடமும் நம்பிக்கையை இரந்து நிற்பதில்லை. கதை இரந்து நிற்கிறது. உண்மையாகவே அவள் ஒளித்துக் கொண்டுவந்திருந்தால், அந்த ஒளித்தலைக் கரையிலேயே எழுதுங்கள். சோதனை செய்கிறவனின் கை மூட்டைக்குள் போகும்போது மூத்தம்மா ஏன் மூச்சை அடக்கினாள், கைக்குழந்தையை ஏன் இறுக்கிப் பிடித்தாள் என்று ஒரு வரி போடுங்கள். விளக்கம் வேண்டாம். பத்தாண்டு கழித்துப் பெட்டி திறக்கும்போது வாசகன் அந்த மூச்சை நினைத்துக்கொள்வான். முன்பு பொய்யாகத் தெரிந்த அதே காப்பு, இப்போது கதையின் உயிராகிவிடும். முடிவிலே தோன்றும் இப்படியான குறைக்கு மருந்தைத் தொடக்கத்திலேதான் இட வேண்டும்.

“துயரப்பட்ட சனத்தின் கதையில் குற்றம் தேடுவது இரக்கமற்ற வேலை” என்று வேறு சிலர் சொல்வார்கள். இக்கருத்து நமது விமர்சனத்தை நீண்ட காலமாக ஊமையாக்கி வைத்திருக்கிறது. வெளியீட்டு விழாவிலே பொன்னாடையும் பாராட்டும் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். கதை வெளியே போய் அந்நியரின் கையில் அடிபடுகிறது. நமது கையிலேயே அது உரசிப் பார்க்கப்பட்டிருந்தால் அங்கே நின்றுபிடித்திருக்கும். துயரத்துக்கு மரியாதை செய்வது என்பது அதைச் சொல்லும் சொல்லில் ஓட்டை இல்லாமற் பார்த்துக்கொள்வதும்தான்.

விதியை வேண்டுமென்றே உடைக்கின்ற கதைகளும் உலகில் உண்டு. வாசகனை உலுக்குவதற்காக, கதை என்பதே கட்டப்பட்டது என்று காட்டுவதற்காக எழுத்தாளர்கள் அப்படிச் செய்கிறார்கள். அதற்கும் நாம் கதவடைக்க வேண்டியதில்லை. அந்த உடைப்புக்கு ஒரு பயன் இருக்க வேண்டும், உடைக்கிறேன் என்பது எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் உடைந்ததைப் பிறகு பரீட்சார்த்தம் என்று பெயர் சூட்டி நியாயப்படுத்துவதை ஏற்க முடியாது.

இளம் படைப்பாளிகளுக்கு ஒரு சிறு பயிற்சியைச் சிபாரிசு செய்யலாம். கதையை எழுதி முடித்ததும் முதற் பக்கத்தை எடுத்து, அதில் வாசகனுக்கு என்னென்ன சொல்லிக் கொடுத்திருக்கிறோம் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். யார் பேசுகிறார், அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எந்த ஊர், எந்த மாதம், எது கைவிட்டுப் போனது, எது மிஞ்சியது. பிறகு கடைசிப் பக்கத்தை அந்தத் தாளோடு வைத்து ஒப்பிடுங்கள். எங்காவது இடித்தால் கடைசிப் பக்கத்தைத் திருத்த அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் திருத்த வேண்டியது முதற் பக்கமாகவே இருக்கும். இந்த வேலைக்கு ஒரு நாழிகைக்கு மேல் ஆகாது.

வெளியேற்றத்தை நேரிற் கண்டு, நினைவிலிருந்து சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள். அவர்களுக்குப் பிறகு எஞ்சப் போவது ஆவணங்களும் கதைகளுமே. ஆவணத்தைத் தேடிப் படிப்பவர் சிலர், கதையைப் படிப்பவர் பலர். ஆகவே நாளைக்குச் சாட்சிக் கூண்டில் ஏறப்போவது நமது கதைகள்தாம். அங்கே குறுக்குக் கேள்வி கேட்கப்படும். முதற் பக்கத்தில் சொன்னதையே கடைசிப் பக்கத்திலும் சொல்கின்ற சாட்சியை எவராலும் இலகுவில் அசைக்க முடியாது.